தெற்குத் தீவில் கூடாரம் – 5: காசுக்குக் கிடைக்காத மீன்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ட்ரவுட் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது. ஹெலிகாப்டரில் ஏறி, சாலையே இல்லாத பள்ளத்தாக்கில் இறங்கி, வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டுகிற மீனுக்குத் தூண்டில் வீசுவது ஒன்று. வழிகாட்டிக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஆயிரம் டாலர் வாக்கில் ஆகும். ஹெலிகாப்டர் தனிக் கணக்கு. இதற்காகவே அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. இன்னொரு வழி, கூடாரம், கேஸ் அடுப்பு, அரிசிப் பை, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் எல்லோரையும் எல்லாவற்றையும் ஒரே காரில் அடைத்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு பாலத்துக்கருகே நிறுத்துவது. நாங்கள் இரண்டாவது கட்சி. இரண்டு கட்சிக்கும் மீன் ஒன்றுதான், சட்டமும் ஒன்றுதான்.

நெல்சனிலிருந்து ஒன்றரை மணி நேரம் தெற்கே வந்தால் செயின்ட் ஆர்னாட். ஒரு கடை, ஒரு பெட்ரோல் பங்க், சில விடுமுறை வீடுகள். அதோடு ஊர் முடிந்துவிடும். ஊருக்குக் கீழே ரோட்டோய்ட்டி ஏரி. 1956-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நெல்சன் லேக்ஸின் வாசல் இது. ஏரிக்கரையில் கெர் பே முகாமில் கூடாரம் போட்டோம். முகாம் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையுடையது. சமையல் கூடம் இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. மோட்டலில் ஓர் இரவுக்கு ஆகும் காசில் இங்கே இரண்டு மூன்று நாள் ஓட்டிவிடலாம். சாண்ட்ஃப்ளை என்ற கடிப்பூச்சி மட்டும் இலவசம். கணுக்காலைத் தேடி வந்து கடிக்கும். கொசுவாவது ரீங்காரம் செய்து எச்சரிக்கும். இதற்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

படகுத்துறையின் கீழே விலாங்குகள் திரிகின்றன. தொடை பருமனில், கறுப்பாக, எந்த அவசரமும் இல்லாமல். இந்த நீள்துடுப்பு விலாங்குகளில் பெண் எண்பது வயதுக்கு மேலும் வாழும். கடைசியில் ஒரே ஒரு முறை கடலுக்குப் போய் முட்டையிட்டு அங்கேயே இறந்துபோகும். என் மகன் அந்தத் துறையை விட்டு நகரவில்லை. அத்தை எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிக்காரர், மீன் விஷயத்தில் அவர் சொல்வது எங்கள் வீட்டில் தீர்ப்பு. "விலாங்குதான். இதைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீக?" என்றார்.

ட்ரவுட்டைப் பற்றிச் சொன்னதும் வந்த கேள்வி அதைவிட நேரடியானது.

"கடையில வாங்கிரலாமே மாப்பிள்ளை. ஆத்து மீனுக்குப் போயி பூச்சிக்கடியில நிக்கணுமா?"

"கடையில கிடைக்காது அத்தை. விக்கக் கூடாதுன்னு சட்டம்."

"மீனை விக்கக் கூடாதா? அப்ப மீன் பிடிக்கிறவன் எப்படிப் பொழைப்பான்?"

நல்ல கேள்வி. இந்த நாட்டில் ட்ரவுட்டை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பண்ணை வைத்து வளர்க்கவும் முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் சால்மன் அடுக்கி வைத்திருப்பார்கள், ட்ரவுட் இருக்காது. உணவக மெனுவிலும் பார்க்க முடியாது. நாமே பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், மீன் பிடிக்கும் உரிமையையே விற்கக் கூடாது என்று 1987-ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆற்றோரப் பண்ணைக்காரர் தன் நிலத்தின் வழியே போகக் கூடாது என்று நம்மைத் தடுக்கலாம். ஆனால் "ஐம்பது டாலர் கொடு, என் பக்கத்துக் கரையில் மீன் பிடித்துக்கொள்" என்று கேட்க முடியாது.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஆற்றின் மீன் உரிமை கரைக்குச் சொந்தக்காரருடையது. ஹாம்ப்ஷயரின் டெஸ்ட் ஆற்றில் நல்ல பகுதியில் ஒரு நாள் நிற்கப் பல நூறு பவுண்டு ஆகும். காசில்லாதவன் அங்கே தூண்டில் போட்டால் அவன் பெயர் திருடன். அந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் மீனையும் கூடவே கொண்டுவந்தார்கள். பிரபுவின் வேலியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள். பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் 1864-இல் ஐஸும் பாசியுமாகப் பொதிந்து இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து 1867-இல் நியூசிலாந்து வந்தன. வந்த மீன் வஞ்சனையில்லாமல் பெருகியது. இங்கே முன்பிருந்த சிறு மீன்களுக்கு அது நல்ல காலமாக இல்லை. உபோகொரோரோ என்று மாவோரிகள் அழைத்த ஆற்று மீன் இன்று உலகத்திலேயே இல்லை. 1951-இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். அதற்குள் அது மறைந்துவிட்டிருந்தது. ட்ரவுட் பிடிக்கப் போகிறவர்கள் அதிகம் பேசாத விஷயம் இது.

உரிமம் வேண்டும். ஃபிஷ் அண்ட் கேம் என்ற அமைப்பு தருகிறது. வரிப்பணம் ஒரு காசு இல்லாமல் உரிமக் கட்டணத்திலேயே நடக்கிறது. குடும்ப உரிமம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து, ஒரு பருவம் முழுக்க, 200 டாலருக்குச் சற்று முன்னே பின்னே. டௌப்போ வட்டாரம் நீங்கலாக நாடு முழுக்கச் செல்லும். சில பேர்போன ஆறுகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சீட்டு வாங்க வேண்டும். ஒரு முறை நாலு பேர் திரைப்படத்துக்குப் போய்ப் பாப்கார்னும் வாங்கி வந்தால் ஆகிற செலவை வைத்துப் பார்த்தால் இது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. ஆனால் குடும்ப உரிமம் இந்த நாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். சுற்றுலா விசாவில் வந்த அத்தை தூண்டிலைத் தொட்டால் வெளிநாட்டவருக்கான தனி உரிமம் எடுக்க வேண்டும். "தண்ணிக்குள்ள கிடக்கதைப் பிடிக்க கவர்மெண்டுக்கு மொய் எழுதணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு மடக்கு நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டார்.

ரோட்டோய்ட்டி ஏரியிலிருந்துதான் புல்லர் ஆறு புறப்படுகிறது. மாவோரிப் பெயர் கவட்டிரி. மேற்கே வெஸ்ட்போர்ட்டில் கடலில் சேரும்வரை நெடுஞ்சாலை பெரும்பாலும் அதன் கூடவே போகிறது. அதனால்தான் குடும்பஸ்தர்களுக்கு ஏற்ற ஆறு என்கிறேன். பிள்ளைகள் சலித்துப்போனால் ஐந்து நிமிடத்தில் கார்.

கரையெங்கும் பீச் மரங்கள். அடிமரம் கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். பட்டைக்குள் வாழும் ஒரு செதில்பூச்சி, முடி போன்ற மெல்லிய குழாயை வெளியே நீட்டி, அதன் நுனியில் ஒரு சொட்டுத் தேனை விடுகிறது. அந்த இனிப்பில் படரும் பூசணம்தான் அந்தக் கறுப்பு. தேன்சிட்டுப் போல வாழும் உள்ளூர்ப் பறவைகளுக்கான அந்தச் சொட்டை, வெளிநாட்டுக் குளவிகள் இப்போது மொய்த்துக் குடிக்கின்றன. மரத்தில் சாயாமல் நிற்பது நல்லது. இதே பீச் மரங்கள் சில ஆண்டுகளில் அளவில்லாமல் விதை கொட்டும். விதையைத் தின்று சுண்டெலி பெருகும். எலிகள் இரவில் ஆற்றை நீந்திக் கடக்கும். ட்ரவுட் அவற்றை விழுங்கி நாலரைக் கிலோவையும் தாண்டும். எலி ஆண்டு வருகிறது என்று செய்தி கிளம்பினால் வழிகாட்டிகளின் நாட்குறிப்பு நிரம்பிவிடும்.

நாங்கள் போனது ஜனவரி. எலி இல்லை, சில்வண்டு காலம். காடே இரைந்துகொண்டிருந்தது. காற்றடித்தால் சில்வண்டுகள் பொத்தென்று தண்ணீரில் விழும். மீனுக்கு அது விருந்து. பஞ்சு ரப்பரும் மான் மயிரும் வைத்துக் கட்டிய பொய்ச் சில்வண்டு ஒன்றைத் தூண்டிலில் மாட்டி மகளிடம் கொடுத்தேன். முந்தின நாள் மாலை முழுக்க முகாமின் புல்வெளியில் முள் இல்லாமல் வீசிப் பழகியிருந்தாள்.

இந்த ஆற்றில் மீனை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். கண்கூச்சத்தை மறைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, மேட்டிலிருந்து மடுவைப் பார்த்தால் முதலில் கல்லாகத் தெரியும். கல் லேசாக வாலை அசைத்தால் அது மீன். எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும். ஆகவே அதன் முதுகுப்பக்கமாக, கீழிருந்து மேலே வரவேண்டும். நிழல் அதன்மேல் விழுந்தால் அவ்வளவுதான். மகள் முட்டளவு நீரில் நின்று வீசினாள். பொய்ச் சில்வண்டு மீனுக்கு ஒரு கஜம் மேலே விழுந்து மிதந்து வந்தது. மீன் எழுந்தது. பாய்ந்து கவ்வவில்லை, லிஃப்ட் ஏறுவதுபோல நிதானமாக மேலே வந்து, வெள்ளை வாயைத் திறந்து, மூடிக்கொண்டு இறங்கியது. இந்த இடத்தில்தான் எல்லோரும் பதறி இழுத்து மீனை விடுவார்கள். ராணியை வாழ்த்தி ஒரு வரி மனசுக்குள் சொல்லி முடித்தபிறகே இழுக்க வேண்டும் என்று இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள். ராணி போய் ராஜா வந்துவிட்டாலும் கணக்கு அதேதான். மகள் "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டே எண்ணினாள். தங்கூசி விறைத்தது.

ஒன்றரைக் கிலோ இருக்கும். முதுகு ஆலிவ் பச்சை, வயிறு வெண்ணெய் நிறம். பக்கவாட்டில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். எத்தனை மீன், எந்த அளவு வைத்துக்கொள்ளலாம் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும். விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் எடுத்தோம்.

முகாமுக்கு வந்ததும் அத்தை கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டார். உரசிப் பார்த்துவிட்டு, "செதிலே இல்லையே, வழவழன்னு இருக்கு" என்றார். செதில் இருக்கிறது, கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு பொடி. வயிற்றைக் கீறி இரைப்பையைப் பிதுக்கினார். உள்ளே சில்வண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, கண்ணாடிச் சிறகுகூட மடங்காமல். மகன் விலாங்கை மறந்து ஓடிவந்து அவற்றைத் தட்டில் வரிசையாக அடுக்கினான். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி, தோசைக்கல்லில் போட்டு எடுத்தார் அத்தை. சதை இளஞ்சிவப்பு. "சேத்து வாடை இல்ல. பரவாயில்ல" என்றவர், சீலாவுக்கு இது காணாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மசாலா வாசம் பக்கத்துக் கூடாரம்வரை போயிருக்க வேண்டும். அங்கிருந்த வயதான தம்பதிக்கு ஒரு துண்டம் கொடுத்தனுப்பினோம்; கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. சற்று நேரத்தில் ஒரு கிண்ணம் நிறையப் பிளம் பழம் வந்தது. அத்தை கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "மாப்பிள்ளை, இது யாவாரத்துல சேருமா?"

மறுநாள் கிளம்புமுன் ஒரு வேலை. டிடிமோ என்ற பாசி 2004-இல் தெற்குத் தீவில் தென்பட்டது, புல்லரிலும் பரவிவிட்டது. பழுப்புக் கம்பளிபோல் கல்லை மூடும். அதை ஆற்றுக்கு ஆறு சுமந்துபோவது நம்முடைய செருப்பும் தூண்டிலும்தான். அதனால் ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் கம்பளி அடிப்பாகம் வைத்த மீன்பிடிக் காலணிகளை 2008-லேயே தடை செய்துவிட்டார்கள். மகனும் மகளும் வாளியில் ஊறவைத்து எடுத்துக் கார் கூரையில் கட்டினார்கள். அடுத்து மர்ச்சிசன். மட்டாக்கிட்டாக்கியும் மாங்கில்ஸும் அங்கே புல்லரில் வந்து சேர்கின்றன. 1929-இல் நிலநடுக்கம் புரட்டிப்போட்ட ஊர் அது.

(தொடரும்)