மாலை போட்ட நாட்கள்

பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள தோப்புகளில் என் தம்பியைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு செய்தி சொல்வார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் கெட்டிக்காரன். குடித்தே செத்தான். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் இருந்தான். இருபத்தொன்பது வயது வரைக்கும் இருந்தான். அவனைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

போர்வெல்லுக்குள் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துபோனால் தோப்புக்காரருக்குத் தூக்கம் வராது. கோடையில் தண்ணீர் நின்றால் தென்னையில் குரும்பை உதிரும். குழாயோடு மோட்டாரை மேலே இழுத்துப் போட்டதும் வண்டியில் ஏற்றி நேரே தம்பி வேலை பார்த்த பட்டறைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். தம்பி அதைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியைப் பூட்ட உட்காருவான். மோட்டாருக்குள்ளேயே தண்ணீர் நிற்கும் என்பதால் இதற்கு பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பிதான். ஒரு ஸ்லாட்டில் விட்டு, அந்தப் பக்கம் வாங்கி, அடுத்ததில் திருப்பி விட்டு, நீளக் கம்பியை முழுசாக இழுக்க வேண்டும். மறுபடி அதே. ஸ்டேட்டரின் விளிம்பில் பட்டு உறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி மோட்டார் திரும்பவும் எரிந்துவிடும். கட்டி முடித்ததைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மின்கசிவு பார்க்கும் மெகரை வைத்துச் சுற்றிப் பார்ப்பான். முள் சரியான இடத்தில் நின்றால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். அவ்வளவுதான் அவனுடைய பெருமை.

எனக்குப் பூக்கட்ட வராது. வீட்டில் மல்லி கட்டியவன் அவன்தான். பட்டறையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு வாழைநாரை நனைத்து எடுத்துக்கொண்டு உட்காருவான். "ரெண்டு பூவு இப்படி, ரெண்டு பூவு அப்படி, ஒரு சுத்து, ஒரு இழு. இதுக்குப் போயி இத்தன யோசிக்கிறியேக்கா." அவன் கட்டிய சரத்தில் காம்பு தெரியாது. மறுநாள் வாடிய பிறகும் ஒரு பூ உதிராது.

பதினேழு வயதில் பட்டறையில் மூத்தவர் யாரோ உடம்பு வலிக்கு என்று பாதி ஊற்றிக் கொடுத்ததில் குடி தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுக்கடைகளை அரசே நேரடியாக நடத்த ஆரம்பித்தது 2003-ன் கடைசியில். அப்போது அவன் ஏழாம் வகுப்பு. ஆக, தெருமுனையில் கடை இல்லாத ஊரை அவன் வயசுக்கு வந்த பிறகு பார்த்ததே இல்லை. சனிக்கிழமை சம்பளம் கையில் வந்ததும் ஒரு கட்டிங். அப்புறம் தினமும் குவார்ட்டர். அப்புறம் ஆஃப். இந்தக் கதையை நீட்ட எனக்கு விருப்பமில்லை, எல்லா வீட்டிலும் இது ஒரே கதைதான். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். கடைசி வருடங்களில் அவன் காலையில் குடித்தது போதைக்கு அல்ல. எழுந்தால் கை நடுங்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு கம்பியை ஸ்லாட்டுக்குள் விட முடியாது. ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் விரல் நிற்கும். வேலை பார்ப்பதற்காகக் குடித்தான், குடித்ததால் வேலை போயிற்று.

இதற்கு மருத்துவத்தில் தெளிவான விளக்கம் இருக்கிறது. மது மூளையின் வேகத்தைத் தணிக்கிறது. வருடக்கணக்கில் அது உள்ளே போய்க்கொண்டே இருந்தால் மூளையும் அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒருநாள் திடீரென்று மது நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு, இன்னும் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சித்தக் குழப்பம். உயிரே போகலாம். "நாளையிலிருந்து விட்டுடு" என்று வீட்டில் அத்தனை பேரும் அவனுக்குச் சொன்னோமே, அந்த வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

அப்படியும் வருடத்துக்கு ஒருமுறை அவன் நிறுத்தினான். கார்த்திகை ஒன்றாம் தேதி, சபரிமலைக்கு மாலை போடுகிற நாள்.

குருசாமி கொப்பரை வியாபாரி. எங்கள் தெருப் பையன்கள் எல்லாருக்கும் அவர்தான் மாலை போட்டுவிடுவார். விடியற்காலை பனிக்குள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, கருப்பு வேட்டியோடு தம்பி அவர் முன்னால் நிற்பான். முதல் சில நாள் உடம்பெல்லாம் உதறும். குளிர் என்று அம்மா கம்பளி எடுத்துப் போர்த்துவாள். அது குளிர் இல்லை என்பதும், வலிப்பு வராமல் தப்பியது பெரிய அதிர்ஷ்டம் என்பதும் பின்னால் ஒரு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் கடந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு ஒருத்தன் வந்து சேருவான். எனக்கு ஏக்கம் அவன்மேல்தான். குடிக்கு முன்னால் இருந்த சின்னப் பையனைப் பற்றி அம்மா நினைத்து அழுவாள். நான் நினைப்பது மாலை போட்ட தம்பியை. அவன் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிடுவான். கன்னம் பூசினாற்போல் ஆகும். தெருவில் அவனைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள் "சாமி சரணம்" என்று நின்று கும்பிடுவார்கள், அவனும் கும்பிடுவான். சாயங்காலம் பஜனைக்கு ஜால்ரா தட்டுவான். அன்னதானத்தன்று அண்டா சாம்பாரைக் கிண்டிக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து பேசுவான். வருடம் முழுக்கப் பேசாததையெல்லாம் அந்த ஒரு மண்டலத்துக்குள் பேசித் தீர்த்துவிடுவான்.

மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று ஒருநாள் கேட்டேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டான். "மூணு பேரு சுத்தி நின்னுட்டு ஒரு ராட்டனத்தத் தள்றாங்கன்னு வெச்சுக்கக்கா. ஒருத்தன் தள்ளி முடிக்கறதுக்குள்ள அடுத்தவன் கை வெச்சர்றான், அவன் முடிக்கறதுக்குள்ள மூணாமத்தவன். எடையில வுடாம கை மாறிட்டே இருக்கறதுனால அது நிக்காமச் சுத்துது. ஒருத்தன் கையெடுத்துட்டான்னு வெய்யி, மத்த ரெண்டு பேரு மேலயும் பாரம் ஏறிரும். காயில் கருகறதே அதுலதான்." சொந்தமாகப் பட்டறை வைக்க எவ்வளவு ஆகும் என்றும் அதே தாளில் கணக்குப் போட்டான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இருமுடிக் கட்டுநிறைக்கு முந்தின நாள், கூட்டத்தில் எல்லாருக்குமான நெய்த்தேங்காயும் அவன் பொறுப்பு. நார் ஒட்டாமல் தேங்காயைத் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைக் குடைந்து, தண்ணீரை வடித்துக் காயவைப்பான். நெய்யை உருக்கி மெல்லிய தாரையாக அந்தச் சிறு துவாரத்துக்குள் ஊற்றுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. தக்கையை வைத்து அடைத்துவிட்டு நிமிர்ந்து சிரிப்பான். அந்தக் கை நடுங்காமல் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இன்றைக்கும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றி, அரவணையும் அப்பமும் தெருவுக்கெல்லாம் கொடுத்து முடித்த அன்று இரவோ மறுநாளோ, மறுபடி.

ஊர் அதற்கு ஒரே தீர்ப்புதான் வைத்திருந்தது. "ஒரு மண்டலம் இருக்க முடியுதல்ல, மனசு வெச்சா முடியாதா?" இதைக் கேட்டுக் கேட்டு அவனே நம்பிவிட்டான், தனக்கு மனசு இல்லை என்று. நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த நாட்களில் அவனிடம் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். விடிகாலையில் எழுப்ப ஆள் இருந்தது. குடி தொடங்குகிற சாயங்கால நேரத்துக்குப் போக ஓர் இடம் இருந்தது. கூட்டாளிகள் அத்தனை பேரும் குடிக்காமல் இருந்தார்கள். ஊர் மரியாதை கொடுத்தது. தப்பினால் கேட்க குருசாமி இருந்தார். மாலை கழன்ற அன்று இவையெல்லாம் மொத்தமாகக் கழன்றன. பழையபடி அதே பட்டறை, அதே சனிக்கிழமை, பின்னால் "அதோ வர்றாம் பாரு" என்கிற அதே பேச்சு. மனசு மட்டும் தனியாக நின்று என்ன செய்யும்?

அம்மா செய்யாதது இல்லை. குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம் என்று சுவரொட்டியில் பார்த்து ஒரு பொடியை வாங்கிவந்து காப்பியில் கலந்தாள். அதில் என்ன இருந்ததோ, அவனுக்கு முகம் சிவந்து நெஞ்சு படபடத்ததுதான் மிச்சம். மது உள்ளே போனால் உடம்பை அப்படிப் புரட்டிப்போடுகிற மாத்திரை மருத்துவத்திலேயே உண்டு. நோயாளிக்குச் சொல்லி, அவன் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியது அது. அடுப்படியில் மறைத்துக் கலப்பது உயிரோடு விளையாடுவது. கோயில் கோயிலாகக் கயிறு கட்டினாள். ஆனைமலை மாசாணியம்மன் சந்நிதியில் மிளகாய் அரைத்துப் பூசினாள். அங்கே அநியாயம் செய்தவர் பெயரைச் சொல்லி அரைப்பார்கள். அம்மாவுக்குச் சொல்லப் பெயர் எதுவும் இல்லை.

கண் மஞ்சளானபோது கீழாநெல்லி கொடுத்தோம். வயிறு வீங்கியபோது கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது, அதற்குள் போக வேண்டிய ரத்தம் வழியில்லாமல் உணவுக்குழாயின் ரத்தக்குழாய்களைப் புடைக்க வைத்திருக்கிறது, அவை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்றார்கள். வெடித்தது. அந்த இரவைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அவன் போன பிறகுதான் நான் தேடிப் படித்தேன். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், குடிநோயால் கணவரை இளவயதிலேயே பறிகொடுத்தவர், 1980-ல் அந்த நோய்க்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுதான் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. நோயாளியோடு வீட்டாருக்கும் அங்கே சிகிச்சை உண்டு. திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டு, சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். ஊர்க்காரர்களையும் கூட வைத்துக்கொண்டு, சேர்ந்து எழுந்து, சேர்ந்து உண்டு, சேர்ந்து பேசி. படித்தபோது நெஞ்சை அடைத்தது. எங்கள் குருசாமி தன்னை அறியாமல் செய்ததில் பாதி இதுதான். மீதிப் பாதிக்கு ஒரு டாக்டரும், மாலை கழன்ற பிறகான நாட்களுக்கு ஓர் ஏற்பாடும் வேண்டியிருந்தது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் சுமார் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். என் தம்பி அந்த மீதி 37 பேரில் ஒருவன்.

எப்படி இறந்தான் என்று கேட்டால் அம்மா இன்றும் "மஞ்சக்காமாலைங்க" என்பாள். நான் குடிநோய் என்று சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் சங்கடப்படுவார்கள். படட்டும். சர்க்கரை நோயில் போனவனைப் பற்றிப் பேச யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. சட்டகம் போட்ட படத்துக்கு அம்மா எடுத்துக் கொடுத்தது தாடியும் மாலையுமாக அவன் சிரிக்கிற போட்டோ. அதில் எங்களுக்குள் ஒரு பேச்சும் வரவில்லை.

குருசாமி இப்போது மலையிலிருந்து வந்ததோடு பையன்களை விடுவதில்லை. தை பிறந்த பிறகும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஜனைக்கு வரச் சொல்கிறார். நடுங்குகிறவனை மாலை போடுவதற்கு முன்பே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடுகிறார். சிலர் வருகிறார்கள், சிலர் நின்றுவிடுகிறார்கள். நானும் போய் ஓரமாக உட்காருவேன். போன வருடம் வந்த ஒரு பையன் காயில் கட்டுகிறவன், தம்பி வேலை பார்த்த அதே பட்டறை. மூணு ஃபேஸ் மோட்டார் எப்படித் தம்பி சுத்துது என்று அவனைக் கேட்டேன். பாவம், நன்றாகப் படித்த பையன். காந்தப்புலம், கோணம் என்று பொறுமையாக எல்லாம் சொன்னான். தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அவன் எழுந்து போனதும், எனக்குத் தெரிந்தபடி ஒருதரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், மூணு பேரும் ராட்டனமுமாக.