பெற்றோல் போகும் வழி

வாகனம் ஆண்களின் பொறுப்பு என்பது எங்கள் வீடுகளில் எழுதாமலே பின்பற்றப்படும் ஒரு சட்டம். ஆண் இல்லாமற்போன வீடுகளிலும் அந்தச் சட்டம் மட்டும் மாறுவதில்லை. பணியின் நிமித்தம் நான் செல்லும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பலவற்றில், கணவரின் மோட்டார் சைக்கிளோ தண்ணீர் இறைக்கும் பம்போ தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடப்பதைக் காண்கிறேன். "உது அவற்ற சாமான், எனக்கென்ன தெரியும்?" என்பார்கள். பின்பு ஒருநாள் தரகர் சொன்ன விலைக்கு அது போய்விடும்.

எங்கள் வீட்டில் அவ்வாறு நின்றது அப்பாவின் மொறிஸ் மைனர் கார். 1990இன் பின்னர் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துக் கார்கள் சில துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. அப்பாவும் அப்படித்தான் வாடகைக்கு ஓடி எங்களைப் படிப்பித்தார். அவர் காலமான பின் அதை விற்க அம்மா சம்மதிக்கவில்லை. நான் ஓடப் பழகி, தூரக் கிராமங்களுக்கு அதிலேயே போய்வந்தேன்.

2022 ஆவணி மாதம். கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல்தான். லீற்றர் 450 ரூபா. வரிசையில் நின்று அடித்துவந்த பெற்றோல் ஓடாமலே குறைந்தது. வளவெல்லாம் மணம். திறப்பைத் திருப்பினால் இந்தக் காரின் மின்பம்பு 'டிக் டிக்' என்று அடித்து, கார்புரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். அன்று ஓயவேயில்லை. குனிந்து பார்த்தேன். பின்னாலுள்ள தாங்கியிலிருந்து முன்னாலுள்ள பம்புக்குப் போகும் இரும்புப் பைப், கிளிப் பிடிக்கும் இடத்தில் ஈரமாக இருந்தது. அங்கே மண்ணும் நீரும் தங்கித் துருவேறி, குலுக்கத்தில் மயிரளவு வெடிப்பு விழுந்திருந்தது. அதனால் பெற்றோல் வெளியே கசிய, பம்பு காற்றையும் சேர்த்து இழுத்தது.

"பிள்ளை, நெருப்புப் பிடிக்கப் போகுது. ஆரும் ஆம்பிளையைக் கூப்பிடு" என்றார் அம்மா. கராஜ் அண்ணையிடம் போனேன். "ஒரு கிழமை செல்லும் தங்கச்சி. அதுமட்டும் சவர்க்காரத்தை அப்பிவிடுங்கோ" என்றார். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது, கசிவைச் சற்று நிறுத்தும். ஆனால் குலுக்கத்தில் கழன்றுவிடும். "நானே மாத்தினால் என்ன அண்ணை?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு, "பழையதை வளைக்காமல் கழட்டிக்கொண்டு வாங்கோ, அளவுக்கு வெட்டித் தாறன்" என்றார்.

காரை அடுப்படியிலிருந்து தூரத் தள்ளி நிறுத்தினோம். இயந்திரம் நன்றாக ஆறும்வரை பொறுத்து, பற்றறியின் ஏர்த் வயரைக் கழற்றினேன். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்கக்கூடாது என்பதால், உறுதியான மரக்குற்றிகளையும் முட்டுக்கொடுத்தேன். தாங்கியிலிருந்த பெற்றோலை மூடியுள்ள கானில் இறக்கினேன். பிறகு இரு முனை நட்டுகளையும் ஸ்பானரால் மெல்ல இளக்கி, கிளிப்புகளைக் கழற்றி, பைப்பை முழுதாக எடுத்தேன். அதுதான் புதியதற்கு அச்சு.

அண்ணை அதே பருமனுள்ள செப்புப் பைப்பை வெட்டும் கருவியால் வெட்டினார். வாளால் அரிந்தால் தூள் உள்ளே விழுந்து கார்புரேற்றரை அடைத்துவிடுமாம். நட்டுகளைக் கோத்த பின்னரே முனைகளைப் பழையதைப் போல அமைத்தார். வீட்டுக்கு வந்து, பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்து, ஒரு போத்தலைச் சுற்றிக் கையாலேயே வளைத்தேன். அவசரப்பட்டால் பைப் நசிந்துவிடும். சைலன்சர் குழாயின் சூடு படாதபடி அதைப் பொருத்தி, நட்டுகளை முதலில் விரலால் முடுக்கி, பின்பே ஸ்பானர் போட்டேன்.

பெற்றோலை ஊற்றி, ஏர்த் வயரைப் பூட்டி, திறப்பைத் திருப்பினேன். பம்பு வேகமாக அடித்தது. பிறகு மெதுவாகி, ஓய்ந்தது. உலர்ந்த துணியால் ஒவ்வொரு மூட்டையும் துடைத்துப் பார்த்தேன். துணி ஈரமாகவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

பால்நிலை வேலைப் பிரிவினை பற்றிப் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். வேலையை ஆணுக்கும் பெண்ணுக்கும் பிரித்து வைத்திருப்பது உடலல்ல, பழக்கமே என்பதை என் கைகள் அறிந்தது அன்றுதான். தாங்கி, பைப், பம்பு, கார்புரேற்றர் என்று பெற்றோல் போகும் வழி தெரிந்ததும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதும் தெரிந்தது. நெருப்புக்குப் பயப்படத்தான் வேண்டும். ஸ்பானருக்கு வேண்டியதில்லை. புதிய கார்களில் பெற்றோல் மிகுந்த அழுத்தத்தில் ஓடுவதால், அவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். தானே செய்வதென்றால் தனியே செய்வதென்று பொருளல்ல. தெரிந்தவரிடம் கேட்பதும் அதில் சேர்ந்ததுதான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தப் பழைய பைப்பைக் கொண்டுபோனேன். பெண்கள் கைமாறிக் கைமாறிப் பார்த்தார்கள். தோட்டம் செய்யும் ஓர் அக்கா, வெடிப்பை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கட தண்ணிப் பம்பிலயும் இப்பிடி ஒரு இடம் ஈரமாக் கிடக்கு, தங்கச்சி. விக்கிறதெண்டு விலை பேசினனான். நாளைக்கு ஒருக்கா வந்து பாக்கிறியளே? நான் கழட்டுறன், நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ."