பழைய வேடத்தின் விலை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது தமிழர் வாக்கு. ஆளே இல்லாத இடத்தில் ஆடைக்கு என்ன மதிப்பு? கணினித் திரையில் ஓடியாடும் நிழல் வீரன் ஒருவனுக்குக் காசு கொடுத்துச் சட்டை வாங்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் அதனை ‘ஸ்கின்’ என்பர். தமிழில் ‘வேடம்’ என்றே சொல்லிவிடலாம். கூத்து மேடையை அறிந்த மொழிக்கு அச்சொல் புதிதன்று. இவ்வேடத்தால் வீரனின் வலிமை கூடுவதில்லை. அவன் எய்யும் கணை விரைந்து பாய்வதுமில்லை. கண்ணுக்கு விருந்து, அவ்வளவே. அந்த விருந்தும் பழையதாகிவிட்டால் அதற்குப் பணம் தரலாமா என்பதே கிள்ளானில் வயரிங் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் முன் அண்மையில் எழுந்த வினா.

அவர் ஆடுவது ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’. அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆட்டம் அது. ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும். ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. வேட விற்பனையே வருவாயின் பெரும்பகுதி. மாயக் கையுறையிலிருந்து ஒளிக்கணை எய்யும் எஸ்ரியல் என்னும் வீரனே அவருக்குப் பல்லாண்டுத் துணை. அவ்வீரனுக்கு மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்ட வேடங்கள் உண்டு. 

அவற்றுள் புகழ்பெற்றது 2012இல் வந்த ‘பல்ஸ்ஃபயர்’ வேடம். விலை 3250 புள்ளிகள். ஆட்டம் வளர வளர அதன் இயந்திரக் கவசமும் படிப்படியாக வளரும். கவசத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வீரனோடு உரையாடும். அக்காலத்தில் அது வியப்பு. பின்னர் வந்த வேடங்களில் 1350 புள்ளிக்கே தனி ஒளியும் தனி ஒலியும் கிடைக்கின்றன. கணக்குப் பார்ப்போர் பழைய அரசனை விட்டுப் புதிய இளவரசர்களிடம் போவதில் வியப்பில்லை. அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

ஆயினும் அவ்விளைஞரின் கண் சென்றது இவ்விரண்டின்மேலும் அன்று. 2013இல் வெளிவந்த ‘டிபிஏ எஸ்ரியல்’ என்னும் எளிய வேடத்தின்மேல் அது நிலைத்தது. கவசம் வளராது, குரல் மாறாது. ஒரு விளையாட்டுக் குழுவின் சீருடை, அவ்வளவுதான். விலைப்பட்டியலின் அடிவரிசையைச் சேர்ந்தது. கடையின் விளம்பர ஓவியத்தைக் கண்டு மயங்கி வாங்குவோர் பலர். ஆனால் ஆட்டத்திலோ வீரனை மேலிருந்து பார்க்கும் கோணம். கட்டைவிரல் அளவே தெரிவான். ஓவியத்தின் அழகு அங்கே வருவதில்லை. அவர் அதை அறிந்தவர். வேடம் களத்தில் நடப்பதையும் கணை எறிவதையும் காணொளியில் பலமுறை பார்த்த பின்னரும் அவருக்கு ஆசை குறையவில்லை.

காரணம் அச்சட்டையின் கதை. டிபிஏ என்பது ‘தைபே அசாசின்ஸ்’ என்னும் தைவான் குழு. அந்நாளில் தென்கிழக்காசியாவில் இவ்வாட்டத்தை நடத்தியது சிங்கப்பூரின் கரேனா நிறுவனம். அது 2012இல் தொடங்கிய தொடரில் சிங்கப்பூர் சென்டினல்ஸ், கோலாலம்பூர் ஹண்டர்ஸ் ஆகிய குழுக்களோடு ஆடி வளர்ந்ததே டிபிஏ. அவ்வாண்டு அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உலக இறுதிப் போட்டி நடந்தது. கொரியாவின் வலிமை மிக்க குழுவை டிபிஏ 3-1 எனத் தோற்கடித்து, 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசை வென்றது. நம் ஊர்க் குழுக்களோடு மோதியவர்கள் உலகை வென்றார்கள் என்ற பெருமிதம் அன்று இணைய நிலையங்களில் கூடிய சிறுவர்களுக்கு எவ்வளவு பெரிது! மூன்றாம் படிவ மாணவராக இருந்த அவரும் நண்பர் மூவரும் அவ்வெற்றியைத் தங்களுடையதாகவே கொண்டாடினர். வென்ற ஐவருக்கும் ஐந்து வேடங்கள் பின்னர் வந்தன. வாங்கக் காசு இல்லை. சோற்றுக் காசை மிச்சம் பிடித்தே அவர்கள் ஆடிய காலம் அது.

டிபிஏ என்ற பெயர் 2016இல் மறைந்தது. தைவான் பாடகர் ஜே சோவ் அக்குழுவை வாங்கி ‘ஜே டீம்’ என மாற்றினார். அந்தத் தொடரும் இன்று இல்லை. 2023 சனவரியில் கரேனாவிடமிருந்து ஆட்டத்தை ரயட் நிறுவனமே நேரடியாக ஏற்றுக்கொண்டது. பெயர்கள் எல்லாம் போன பின் மிஞ்சியிருப்பது அந்தச் சட்டை ஒன்றே.

அரிய வேடம் என்பதால் நாளை விலை ஏறும் என்று வாங்குவோரும் உண்டு. அது மணற்கயிறு. அருமையைப் படைப்பதும் அழிப்பதும் நிறுவனத்தின் கையிலே இருக்கிறது. ரிவென் என்னும் வீராங்கனைக்கு 2012இல் குறுகிய காலமே விற்ற சாம்பியன்ஷிப் வேடம் பல ஆண்டுகள் கிடைத்தற்கரியதாக இருந்தது. 2016இல் நிறுவனம் அதனை மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தது. முன்பே வாங்கியிருந்தோர்க்குச் சிறு சிறப்பு அளித்து மனம் ஆற்றியது. வேடம் உடைமையும் அன்று. பயன்படுத்தும் உரிமையே தரப்படுகிறது; கணக்கை விற்க நிறுவனத்தின் விதி இடம் கொடாது. ஆதலின் முதலீடு என்ற பேச்சுக்கே இங்கு வழியில்லை.

பழையது என்பதால் அது அப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2018இல் எஸ்ரியலின் உருவம் முழுவதும் புதிதாக வரையப்பட்டது. அப்போது அவனுடைய பழைய வேடங்களும் சேர்ந்தே புத்துருப் பெற்றன. வாங்கியிருந்தோர் கூடுதலாக ஒரு காசும் தரவில்லை. பழைய முகமே வேண்டும் என்று ஏங்கியவர்களுக்கு அது இழப்பு, இவருக்கோ ஆதாயம். சிறுவயதில் பார்த்த சட்டை இப்போது இன்னும் தெளிவாக இருந்தது.

வீட்டில் மனைவி கேட்டார்: “ஏங்க, உடுத்த முடியாத சட்டைக்கா காசு?”

அக்கேள்விக்கு விடை எளிதன்று. மகளின் பாலர்பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. சினம் கொள்ளாமல் அவர் கணக்குச் சொன்னார்: மாதத்தில் தம் செலவுக்கென ஒதுக்கிய தொகைக்குள் இது அடங்கும், கட்டணம் கட்டிய பிறகே வாங்குவது, பல்ஸ்ஃபயர் வேடத்துக்கு அத்தொகை போதாது, அதனால் அந்த ஆசை இல்லை. புள்ளிகளைத் தனித்தனியாக அன்றிப் பொதியாகவே விற்பதால் கொஞ்சம் கணக்கில் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் காரணம் காட்டி அடுத்த வேடத்துக்குத் தாவ மாட்டேன் என்றும் சொன்னார். வணிகர் வைக்கும் கண்ணிகளுள் அம்மிச்சம் மிகப் பொல்லாதது. மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தச் சட்டையை முதலில் எனக்குக் காட்டுங்க” என்றார்.

அவ்வாண்டின் உலகப் போட்டி நெருங்கியபோது பழைய வெற்றியாளர் வேடங்கள் மீண்டும் கடைக்கு வந்தன. கட்டணம் கட்டிய மறுநாள் அவர் வாங்கினார். அன்றிரவு சிங்கப்பூரில் வேலை செய்யும் பழைய நண்பர் ஒருவர் அவரோடு ஆட்டத்தில் சேர்ந்தார். எஸ்ரியல் தளத்திலிருந்து வெளியே நடந்து வந்ததும் நண்பரின் குரல் சிறிது நேரம் நின்றுபோயிற்று. பின்னர், அந்தக் கடை இன்னும் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று அவர் கேட்டார்.