கேடயத்தைக் கடித்தவர்கள்

'பெர்சர்க்' என்ற ஆங்கிலப் பெயரடை, வெறி தலைக்கேறி, கண்மண் தெரியாமல் தாக்குகிற நிலையைக் குறிக்கிறது. கத்துவதும் கதவை அறைந்து சாத்துவதும் வெறும் கோபம். எதிரில் நிற்பது பகைவனா, பெற்ற பிள்ளையா என்பதுகூடத் தெரியாமல் போகும்போதுதான் இச்சொல் பொருந்தும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இது அரிதாகவே வரும். 'போ' என்று பொருள்படும் 'கோ' என்ற வினையோடு சேர்ந்து வருவதே வழக்கம்.

சொல்லின் தாயகம் வட ஐரோப்பா. பழைய நார்ஸ் மொழியில் 'பெர்செர்க்கர்' என்பது ஒரு வகைப் போர்வீரனின் பெயர். 'செர்க்கர்' என்றால் சட்டை. 'பெர்' என்பது கரடியா, வெற்றுடம்பா என்பதில் அறிஞர்களிடையே பிணக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் வாழ்ந்த ஸ்நோர்ரி ஸ்டுர்லுசன், ஓடின் கடவுளின் வீரர்கள் கவசமின்றிப் போருக்குப் போனார்கள், நாயும் ஓநாயும் போல வெறிகொண்டு தம் கேடயங்களையே கடித்தார்கள், தீயோ இரும்போ அவர்களை ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறார். இது வெற்றுடம்புக் கட்சி. ஆனால் ஓநாய்த்தோல் போர்த்திய வீரர்களும் பழைய பாடல்களில் வருகிறார்கள். அதனால் கரடித்தோல் விளக்கத்துக்கே வலு அதிகம்.

அந்த வெறி எப்படியிருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கவும் வழியுண்டு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்து, 1831இல் வெளியுலகுக்குத் தெரியவந்த சதுரங்கக் காய்கள் பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. அவற்றுள் கோட்டைக்குப் பதிலாக நிற்கும் வீரர்கள் சிலர் விழி பிதுங்க, கேடய விளிம்பில் பல் பதித்துக் கடித்தபடி நிற்கிறார்கள்.

ஐஸ்லாந்தின் பழைய சட்டத் தொகுப்பான 'கிராகாஸ்' இந்த வெறியைக் குற்றமாகவே கருதியது. வெறியாட்டம் ஆடியவனுக்கு மூன்றாண்டு நாடுகடத்தல். உடனிருந்து அவனைக் கட்டுப்படுத்தாமல் விட்டவர்களுக்கும் அதே தண்டனை. சுற்றி நின்றவர்களின் பொறுப்பையும் கேட்ட அந்தச் சட்டம் மிகவும் கூர்மையானது.

1820களின் தொடக்கத்தில் வெளிவந்த 'தி பைரேட்' நாவலின் வழியாக வால்டர் ஸ்காட் இச்சொல்லை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுவந்தார். அவர் வெற்றுடம்புக் கட்சி. வீரனின் பெயர் பெயரடையானது அதற்குப் பிறகுதான். இன்று தாறுமாறாக இயங்கும் எந்திரத்துக்கும், கொண்டாட்டத்தில் கட்டுக்கடங்காத ரசிகர் கூட்டத்துக்கும்கூட இச்சொல் வருகிறது. மலாய் மொழி தந்த 'அமோக்' இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அது 'ஓடு' என்று பொருள்படும் 'ரன்' என்ற வினையோடு சேரும்.

தமிழில் இடம் பார்த்து 'வெறிபிடித்து', 'தறிகெட்டு', 'கட்டுக்கடங்காமல்' என்று எழுதலாம். இந்திய ஆங்கில நாளிதழ்களில் இச்சொல் அடிக்கடி தென்படுவது திருவிழா யானைகளைப் பற்றிய செய்திகளில். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய யானைக்கு இந்தச் சொல் தகாது. அப்படி எழுதினால் வெடி வெடித்தவர்கள் செய்தியிலிருந்து மறைந்துபோகிறார்கள். அத்தகைய செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் 'யானை மிரண்டது' என்று எழுதி, எதைக் கண்டு மிரண்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.