ஆள் சேரவில்லை என்று சொன்னேன்

2007 ஜூன் மாதம் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். எம்.பி.ஏ. முதலாண்டு முடிந்து, அடுத்த ஆண்டுக்கு எந்தப் பிரிவு வேண்டும் என்று கல்லூரியில் படிவம் கொடுத்திருந்தார்கள். அப்பா ஆசைப்பட்டது ஆபரேஷன்ஸ். நான் எழுதிக் கொடுத்தது ஃபைனான்ஸ். "ஆபரேஷன்ஸுக்கு ஆள் சேரலப்பா, இந்த வருஷம் அது கிடையாதுன்னுட்டாங்க" என்றேன். பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். வகுப்பு நடந்தது.

அப்பாவுக்கு நாகல்கேணியில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை. பம்மலில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அதுதான் சோறு. பக்கத்தில் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். பள்ளி லீவில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ட்ரம்மிலிருந்து எடுத்த தோலில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போடுவார். வெளிர்நீலத் துண்டு. சுருங்காமல் அப்படியே கிடந்தால் பதம் ஆகிவிட்டது. சுருண்டுகொண்டால் ட்ரம் இன்னும் ஓட வேண்டும். எந்த ட்ரம் எப்போது காலியாகிறது, எந்த லாரி எவ்வளவு நேரம் வாசலில் நிற்கிறது என்று நான் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. மேஸ்திரி ஒருநாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தோலை ஊறப்போடும் நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினார். எனக்கு எது கைவரும் என்று பதினைந்து வயதிலேயே தெரிந்திருந்தது.

தெரிந்தும்தான் விட்டேன். பஸ்ஸில் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தோல் வாடை என் பட்டத்தில் ஒட்டக்கூடாது என்று நினைத்தேன். ஃபைனான்ஸ் என்றால் ஏ.சி. அறை, டை, பங்குச்சந்தை. அந்த வருடம் அக்டோபரில் சென்செக்ஸ் 20,000-ஐத் தொட்டபோது, நான் எடுத்த முடிவுதான் சரி என்று வகுப்பில் எல்லோரிடமும் பேசிக்கொண்டு திரிந்தேன்.

2008 மேயில் படிப்பு முடிந்தது. செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. ஆனால் அதன்மேல் பழி போட்டுத் தப்பிக்க மாட்டேன். எனக்குக் கிடைத்த 'ஃபைனான்ஸ்' வேலை வீடு வீடாகப் போய்க் கடனும் காப்பீடும் விற்பது. சந்தை நன்றாக இருந்திருந்தாலும் அதே வேலைதான். டெரிவேட்டிவ்ஸ் பாடத்தில் மனப்பாடம் செய்து தேறியவனுக்கு வேறென்ன கொடுப்பார்கள்?

அப்பா ஏன் ஆபரேஷன்ஸ் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, எங்கள் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதற்குள் வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் டேனரி நடத்த முடியாது என்றானது. ஒரு கிலோ பச்சைத் தோலுக்கு 30 லிட்டருக்குமேல் தண்ணீர் போகும். அந்தத் தண்ணீரையும் ரசாயனத்தையும் ட்ரம் ஓடும் நேரத்தையும் கணக்குப் போட்டுக் குறைக்கத் தெரிந்தவன் தேவை என்று முதலாளி அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார். படிக்காத அப்பாவுக்கு என் படிப்பின் பயன் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

படிப்பு முடிந்து ஏழு வருடம் கழித்து ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில், என்னைவிட வயதில் சின்னவர்களுக்குக் கீழே, புதிதாகச் சேர்பவன் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே லாரிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்க ஒரு நோட்டு வாங்கினேன்.

இப்போது இரண்டாம் செமஸ்டர் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். படிவத்தை நிரப்புமுன் அந்தப் பிரிவை எடுத்துப் போன வருடம் முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்து, காலையிலிருந்து மாலைவரை என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். சம்பளத்தைப் பிறகு கேட்கலாம்.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. பதினோரு பேர் சேர்ந்தார்கள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. இது அச்சில் வந்ததும் நானே உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.