பாட்டு கேட்க ஒரு பிரயாணம்

காசிக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம் வீடுகளில் யாரும் காரணம் கேட்பதில்லை. பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிறேன் என்றாலும் கேட்பதில்லை. ஊறுகாய் எத்தனை பாட்டில் கொண்டு போகலாம் என்றுதான் யோசிக்கிறோம். ஆனால் 21 வயதுப் பெண் ஒருத்தி, "பாட்டு கேட்க ஸியோலுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், வீடே ஒரு கணம் மூச்சை அடக்கிக் கொள்கிறது.

எங்கள் குடியிருப்பில் கீழ்த் தளத்துப் பெண் அப்படித்தான் சொன்னாள். அவள் தாயார் அன்று இரவே மாடியேறி வந்துவிட்டார்.

"நீ பத்திரிகையிலே இருக்கே. நாலு இடம் போய் வந்தவள். இந்தக் கொரியாப் பைத்தியம் தெளியும்படி நீதான் ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றார்.

புத்தி சொல்லுவதற்கு முன்னால் விஷயம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஆகவே சில ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசினேன்.

2020-ஆம் வருஷம் தொற்று நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக் கொண்டிருந்ததே, அப்போது இவள் பத்தாவது படித்துக் கொண்டிருந்தாள். பரீட்சை எழுதாமலே எல்லோரும் தேர்ச்சி என்று சர்க்கார் அறிவித்த கோஷ்டியைச் சேர்ந்தவள். பள்ளிக்கூடம் இல்லை, தோழிகள் இல்லை. அந்த நாட்களில்தான் பி.டி.எஸ். என்ற ஏழு பேர் கொண்ட கொரியப் பாட்டுக் குழு அவளுக்கு அறிமுகமாயிற்று. 2013-ல் சின்னதொரு கம்பெனியின் ஆதரவில் அரங்கேறிய பிள்ளைகள் அவர்கள். 2020-ல் அவர்களுடைய உலகச் சுற்றுப் பயணமும் நோயினால் நின்று போயிற்று. 'அவர்களும் வீட்டில் அடைபட்டிருக்கிறார்கள், நானும் அடைபட்டிருக்கிறேன்' என்று இவளுக்கு ஓர் ஒட்டுதல்.

பிறகு இன்னொரு காத்திருப்பு வந்தது. அந்த நாட்டில் வாலிபர்கள் எல்லோரும் கட்டாயமாகத் தேசப் பணி செய்தாக வேண்டும். புகழ் பெற்றவன், பாட்டுக்காரன் என்று விலக்கு இல்லை. 2022 டிசம்பரில் மூத்தவர் பட்டாளத்தில் சேர்ந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போய், கடைசியில் இருந்தவர்கள் திரும்ப 2025 ஜூன் ஆயிற்று. அதற்குள் இவள் பி.காம். முடித்து, கிண்டியில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள்.

"அவர்கள் திரும்புவதற்குள் நான் சம்பாதிக்க ஆரம்பித்துவிட வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டேன், அக்கா" என்றாள்.

பைத்தியம் என்றால் அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருக்காது. இவளிடம் இருந்தது. சம்பளம் 28,000 ரூபாய். அம்மாவிடம் 12,000. நகைச் சீட்டுக்கு 5,000. ஸியோல் என்று தலைப்பிட்ட பக்கத்துக்கு 6,000. பாக்கியில் பஸ், ரயில், மற்றதெல்லாம். மத்தியானத்துக்கு வீட்டுச் சாப்பாடு. சாயங்காலக் காப்பிக்குக்கூட ஓட்டல் பக்கம் போவதில்லை. கல்லூரி நாட்களில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த 40,000 அந்தப் பக்கத்தின் முதல் வரியாக இருந்தது. விமானம், தங்குமிடம், சாப்பாடு, கச்சேரி டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்பது அவள் போட்ட திட்டம்.

காலையில் அரை மணி கொரிய எழுத்துப் பாடம். ஸேஜோங் என்ற அரசர் 1443-ல் உண்டாக்கி, 1446-ல் ஜனங்களுக்கு வெளியிட்ட எழுத்து அது. 14 மெய், 10 உயிர். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக உட்காருகின்றன. "நம்ம உயிர்மெய் மாதிரிதான், அக்கா" என்று எழுதிக் காட்டினாள். கொரியக் குழந்தையும் தகப்பனாரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறதாம். இதைக் கேட்டு அவளுடைய அப்பா பேப்பரைச் சற்றுக் கீழே இறக்கினார். மறுபடி உயர்த்திக் கொண்டார்.

பாஸ்போர்ட் வந்தபோது ஒரு வேடிக்கை. நமக்கோ இனிஷியல்தான் வழக்கம். குடும்பப் பெயர் கிடையாது. பாரத்தில் அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்ததால் அப்பாவின் பெயரே அவளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. "ஸியோலில் யாராவது மரியாதையாக என்னைக் கூப்பிட்டால், இங்கே அப்பாதான் திரும்பிப் பார்க்க வேண்டும்" என்று சிரித்தாள்.

கச்சேரி டிக்கெட் வாங்குவது நம் சபாக்களில் சீசன் டிக்கெட் வாங்குவது போல் அல்ல. கம்ப்யூட்டரில் வரிசை நிற்க வேண்டும். கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு 8 மணிக்கு விற்பனை என்றால் நமக்கு 4:30. அலுவலகத்தில் மேலதிகாரி பக்கத்தில் நிற்கும் வேளை! உங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள் என்று திரை சொல்லுமாம். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப் போக வேண்டும். ரசிகர்கள் கையில் ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். அதில் இருக்கை எண்ணைப் பதிந்துவிட்டால், மைதானம் முழுவதும் உள்ள விளக்குகள் பாட்டுக்குத் தகுந்தபடி ஒரே சமயத்தில் நிறம் மாறுமாம்.

"டிக்கெட் கிடைக்காவிட்டால்?" என்று கேட்டேன்.

"அப்போதும் போவேன். 1395-ல் கட்டிய கியோங்போக் அரண்மனை இருக்கிறது. அவர்கள் தேசத்து உடையான ஹான்போக் கட்டிக்கொண்டு போனால் அனுமதிக் கட்டணம் இல்லை. பட்டுப் பாவாடைக்கும் அந்தச் சலுகை தருவார்களா என்றுதான் தெரியவில்லை!"

தாயாருக்கு மூன்று கவலைகள். முதலாவது சாப்பாடு. அந்த ஊர்க் கிம்ச்சி ஊறுகாயில்கூட மீன் சாறோ, கூனி இறாலோ சேர்ப்பது வழக்கம். இவர்களோ முட்டைகூடத் தொடாதவர்கள். பெண் அதற்கும் விடை வைத்திருந்தாள். கொரியாவில் புத்த மடங்களின் சமையல் என்று தனியாக ஒரு வகை உண்டு. அதில் மாமிசம் இல்லை, மீன் இல்லை. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. "நம்ம சிராத்தச் சமையலைவிட மடியாக இருக்கும் போலிருக்கே!" என்றார் பாட்டி.

இரண்டாவது கவலை, துணை. மதுரையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் இரண்டு ரசிகைகள் கூட வருவதாக ஏற்பாடு. "முகம் தெரியாதவர்களோடா?" என்று தாயார் பதறினார். பெண் அவர்கள் இருவரையும் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டாள். வந்தவர்களில் ஒருவர் இன்னொரு கல்லூரிப் பெண். மற்றவருக்கு 45 வயது, பாங்கியில் உத்தியோகம், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்! அவர் மோர்க்குழம்புக்குப் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டு போன பிறகு, துணையைப் பற்றிய பேச்சு வீட்டில் எழவில்லை.

மூன்றாவது கவலைதான் பெரியது. தங்கம். "அந்த ஒன்றே முக்கால் லட்சத்தையும் சீட்டில் போட்டால் நாளைக்கு அவள் கழுத்தில் இருக்குமே! பாட்டு காற்றோடு போய்விடும்" என்றார் தாயார். இதற்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நம் பெண்களுக்கு ஆபத்தில் உதவியது பெரும்பாலும் அந்தத் தங்கம்தான். அதை அலட்சியமாகப் பேச யாருக்கும் உரிமையில்லை.

இந்தச் சமயத்தில் பாட்டிக்குக் கண்புரை முற்றி, ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. நல்ல லென்ஸாக வைக்க 30,000 ரூபாய் குறைந்தது. தகப்பனார் யாரிடம் கேட்பது என்று யோசித்துக் கொண்டிருந்தபோது, பெண் பணத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் தகப்பனார் ஏதோ பில்லைத் தேடுகையில் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். ஸியோல் பக்கத்தில், 'பாட்டி கண் – 30,000' என்று ஒரு கழித்தல் கணக்கு. அதற்குக் கீழே 'அக்டோபர்' என்பதை அடித்துவிட்டு 'ஏப்ரல்' என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். அதில் ஒரு பெருமூச்சு வரிகூட இல்லை. அவர் நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். மனைவியிடம் மட்டும், "இவள் பணத்தைப் பற்றி நாம் இவளுக்குச் சொல்லித் தர ஒன்றும் இல்லை" என்றாராம்.

கண் கட்டு அவிழ்த்த பிறகு பாட்டிக்குப் பேத்தி தன் கைபேசியில் ஒன்று காட்டினாள். பான்ஸோரி என்பது அதன் பெயர். கையில் விசிறியோடு ஒருவர் நின்றுகொண்டு பாட்டும் வசனமுமாகக் கதை சொல்ல, பக்கத்தில் ஒருவர் முரசு தட்டுகிறார். ஒரு முழுக் கதை எட்டு மணி நேரம்கூடப் போகுமாம். நடுவில் சபையோர் 'பலே' போடுகிறார்கள். "இது நம்ம கதாகாலட்சேபம்னா!" என்று பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் பாட்டி தம்முடைய கதையைச் சொன்னார்.

"நான் கும்பகோணத்திலே பிறந்து வளர்ந்தவள். திருவையாற்றுக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். தியாகராஜ ஆராதனைக்கு ஒரு தடவை போகணும்னு பதினாறு வயசிலே ஆசை. 'பொம்மனாட்டியை யார் கூட்டிக்கொண்டு போகிறது?' என்றார் அப்பா. கல்யாணம் ஆச்சு. 'குழந்தையை யார் பார்த்துக்கிறது?' என்றார் இவர். வருஷா வருஷம் ரேடியோவிலே பஞ்சரத்னம் கேட்டேன். எனக்கு 76 வயசு. இன்னும் நான் திருவையாறு பார்க்கவில்லை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மேலே பாட்டியே பேசினார். "அந்தச் சமாதிக் கோயிலைக் கட்டினது யாரு தெரியுமோ? ஒரு பொம்மனாட்டி. பெங்களூர் நாகரத்னம்மாள். நகையை வித்துக் கட்டினாள்."

பாட்டி சொன்னது சரித்திரம். திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கேள்விப்பட்டு, சென்னையிலிருந்த நாகரத்னம்மாள் தம் சொந்தச் செலவில் அங்கே கோயில் எழுப்பினார். 1926-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த நாளில் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். பிற்பாடு வேற்றுமை மறைந்து எல்லோரும் சேர்ந்து பாடும்படி ஆயிற்று. 1952-ல் காலமான அந்த அம்மாளின் சமாதியும் தியாகராஜர் சந்நிதிக்கு எதிரிலேயே இருக்கிறது. தங்கத்தைச் சங்கீதமாக மாற்றியவர் அவர். அது காற்றோடு போய்விடவில்லை.

இதற்குப் பிறகு நான் புத்தி சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தாயார் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: நகைச் சீட்டு ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது. பெண் ஒப்புக்கொண்டாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தகப்பனார் வீஸாவுக்கு வேண்டிய காகிதங்களை எல்லாம் தாமே அடுக்கித் தந்தார்: உத்தியோகச் சான்று, லீவுக் கடிதம், பாங்கிக் கணக்கு. போகிறவள் திரும்பி வருவாள் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். நம் தாய்மார்கள் கேட்பதும் அதைத்தானே?

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெண் தூர தேசத்துப் பாட்டுக்காரர்கள் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தால், படத்தைக் கிழிப்பதற்கு முன் அவளுடைய நோட்டுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நோட்டு இல்லாவிட்டால் கவலைப்படுங்கள். இருந்தால் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள்.

கீழ் வீட்டு நோட்டில் இப்போது ஸியோல் பக்கத்துக்கு முன்னால் இன்னொரு பக்கம் சேர்ந்திருக்கிறது. தலைப்பு: 'திருவையாறு – பாட்டியும் நானும்.' ரயில், பஸ், இரண்டு நாள் தங்கல் எல்லாம் போட்டு, வரப்போகும் ஆராதனைக்குள் செலவு கட்டும்படி அமைத்திருக்கிறாள். ஏப்ரல் என்பதை அடித்து மே என்று எழுதியிருக்கிறாள்.