தோள் வலியும் சாவித்துவார ஆபரேஷனும்

கையைத் தூக்கித் தலை வாரினால் தோளில் சுரீர் என்று வலி. பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியாது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போச்சு. இப்படி வருபவர்களில் பலருக்கு டாக்டர் சொல்லும் பெயர் 'ஷோல்டர் இம்பிஞ்ச்மென்ட்'.

தோளின் உச்சியில் கூரை மாதிரி நீண்டிருக்கும் எலும்புக்கு அக்ரோமியான் என்று பெயர். அதன் அடியில் கையைத் தூக்க உதவும் தசைநாணும், மெத்தை போல ஒரு சின்ன நீர்ப்பையும் இருக்கின்றன. கை உயரும்போது இவை கூரையில் உரசுவதால்தான் வலி என்பது பழைய விளக்கம். கூரையின் அடிப்பக்கத்தைச் செதுக்கி இடம் உண்டாக்கும் முறையை 1972-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் விவரித்தார். 1980-களில் அதே வேலை சாவித்துவார முறைக்கு வந்தது. பெரிய வெட்டு கிடையாது. சின்னச் சின்னத் துளைகள்தான். ஒன்றில் கேமரா, இன்னொன்றில் எலும்பை இழைக்கும் கருவி.

உரசுகிறதா, செதுக்கு! கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது? பலருக்கு வலி குறையவும் செய்தது. ஆனால் குறைந்தது செதுக்கியதால்தானா?

இதை அறிய பிரிட்டனில் 313 நோயாளிகளை, அவர்கள் சம்மதத்துடன், குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இரண்டாவது குழுவுக்குத் துளை போட்டு, கேமராவால் பார்த்துவிட்டு, எதையும் செதுக்காமல் மூடிவிட்டார்கள். மூன்றாவது குழுவுக்குச் சிகிச்சையே இல்லை. 6 மாதம் கழித்து, 48-க்குத் தோளின் நிலைமையை அளந்தபோது (அதிகம் என்றால் நல்லது) கிடைத்த சராசரி: 32.7, 34.2, 29.4. செதுக்கியதும் செதுக்காததும் ஒன்றுதான்! சும்மா இருந்தவர்களுடனான வித்தியாசமும் நோயாளிக்குப் பெரிதாகத் தெரியும் அளவு இல்லை. அவர்களுக்கும் ஓரளவு குணம் தெரிந்தது.

லான்செட் இதழ் இதை 2017-ல் வெளியிட்டது. 2018-ல் பின்லாந்து ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. 2019-ல் பி.எம்.ஜே. இதழின் நிபுணர் குழு, இந்த வலிக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

கீழே விழுந்து தசைநாண் கிழிந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மற்றவர்களுக்கு உடற்பயிற்சியும் கொஞ்சம் பொறுமையும்தான் முதல் மருந்து. துளை சின்னது என்பதால் ஆபரேஷனும் சின்னது ஆகிவிடாது. மயக்க மருந்து உண்டு, செலவு உண்டு, வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமலும் ஆகலாம். கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் ஒன்று கேட்கலாம்: "செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?"